முதுகு காட்டிய ஸ்பீக்கர்

யாரோ செத்திருக்கிறார்கள். என்னிடம் மறைக்கிறார்கள்.

கண்ணைத் திறப்பதற்கு முன்பே எழிலரசி அந்த முடிவுக்கு வந்துவிட்டாள். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, விடிந்தும்விட்டது. மாரியம்மன் கோயில் நான்கு வீடு தள்ளித்தான். ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றப்போகிறார்கள். இப்படி ஒரு காலையில் அடி அண்ணாமலையில் காக்கை கத்துவது காதில் விழுகிறது என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். தெருவில் சாவு விழுந்தால் மட்டுமே கோயில் ஸ்பீக்கரை நிறுத்துவார்கள். பிணத்தை எடுத்து முடித்து, தெருவைக் கழுவிவிட்ட பிறகுதான் மறுபடி போடுவார்கள். எதிர்வீட்டு ஜோதியம்மாளாக இருக்குமோ? போன தடவை வந்தபோதே அவருக்கு மூச்சு வாங்கியது. நேற்று ராத்திரிதான் பொண்ணு வந்து இறங்கினாள், களைப்பு தீரட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருக்கிறார்கள். நானும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

தலையை முடிந்துகொண்டு வாசலுக்கு ஓடினாள்.

ஜோதியம்மாள் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்து கூழ் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எழிலரசியைப் பார்த்ததும் பதறிப்போய், அண்டா தரையில் இடிபடாமல் இருக்க ஒரு சாக்கை இழுத்து அதன் அடியில் போட்டார்.

"எழுப்பிவுட்டுட்டனா கண்ணு?" என்றார், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில்.

எழிலரசி நிமிர்ந்து வேப்பமரத்தைப் பார்த்தாள். மூன்று குழாய் ஸ்பீக்கர்களும் எப்போதும்போல அங்கேதான் கட்டியிருந்தன. ஆனால் வழக்கமாக அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் குழாய், இப்போது முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே. மூன்றும் பின்தெருவைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தன. வேறு ஏதோ ஊரில் வேறு யாருக்கோ திருவிழா நடப்பதுபோல மெலிதாக ஏதோ கேட்டது.

உள்ளே வந்து அம்மாவிடம் கேட்டாள். ஆராயி அப்போதுதான் எழுந்திருந்தாள். அதுவே அதிசயம். ஆடி மாதத்தில் அம்மா விடிந்த பிறகு எழுந்து அவள் பார்த்ததே இல்லை.

"உனக்குத்தான் சத்தம் ஆவாதே," என்றாள் அம்மா, கொட்டாவி விட்டுக்கொண்டே. "காப்பு கட்டுன அன்னிக்கே திருப்பச் சொல்லிட்டேன். ஒரு வாரமா அப்டித்தான் இருக்குது."

"நான் வந்ததே நேத்துதானேம்மா?"

"முன்கூட்டியே சொன்னாத்தானே நடக்கும்?"

எழிலரசிக்கு எல்லாம் புரிந்தது. தப்பு அவளுடையதுதான். போன குளிர்காலத்தில் ஒரு நாள், வெளிநாட்டில் அவள் குடியிருக்கும் பிரேமனிலிருந்து அம்மாவிடம் போனில் பேசியபோது சொன்னாள், "இங்க ஒரு சத்தமும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை மிஷின்ல துணி போட்டாக்கூட கீழ்வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க. அன்னிக்கு குக்கர் விசில் கேட்டு பக்கத்து வீட்டம்மா வந்து நின்னு, ஏதாவது ஆபத்தான்னு கேட்டாங்க. அவ்ளோ அமைதி." குறையாகத்தான் சொன்னாள். அம்மா அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டாள். எங்க எழிலு இருக்கிற ஊர்ல குக்கரே கூவக்கூடாதாம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அதன் பலன் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மாவு அரைக்கிற கிரைண்டருக்கு அடியில் பழைய மெத்தை. குக்கர் பரண்மேல் ஏறிவிட்டது. சோற்றை வடித்தார்கள். தம்பி புகழேந்தி வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான். அவன் பைக்கை வாசலில் கிளப்பாமல் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனான், சட்டையெல்லாம் வேர்க்க. போகும்போது திரும்பி அவளைப் பார்த்து, நான் எப்படி என்பதுபோலத் தலையை வேறு ஆட்டினான்.

"எனக்கு சத்தம் பிடிக்கும்," என்றாள் எழிலரசி சாப்பிடும்போது. "அதுக்குத்தான் இந்த மாசம் பாத்து லீவு போட்டேன்."

அம்மா புகழேந்தியின் மனைவி நந்தினியைப் பார்த்தாள். நந்தினி அம்மாவைப் பார்த்தாள்.

"பாவம், நமக்கு சங்கடமா இருக்கக் கூடாதுன்னு சொல்றாங்க," என்றாள் நந்தினி. எழுந்துபோய்ச் சத்தமில்லாமல் டிவியையும் நிறுத்திவிட்டு வந்தாள்.

மறுக்க மறுக்க மரியாதை கூடியது. மதியத்துக்குள் தெருவில் பிள்ளைகளை அதட்டுவதுகூடச் சைகையில் நடக்க ஆரம்பித்துவிட்டது.

எழிலரசி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் எதற்காக இவ்வளவு தவிக்கிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட அவளுக்குப் பிடித்ததில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு சபித்திருக்கிறாள். பிடித்த பாட்டெல்லாம் போனில் இருக்கின்றன. பிரேமனில் அவளும் அவள் கணவன் இளஞ்செழியனும் ஒரே அடுப்படியில் ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு சமைப்பார்கள். அவன் வெங்காயம் நறுக்குவது என்ன பாட்டுக்கு என்று அவளுக்குத் தெரியாது. அவள் என்ன கேட்கிறாள் என்று அவனும் கேட்டதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கேட்கத் தேவை இல்லை, அவ்வளவுதான். அங்கே எந்தப் பாட்டும் அவள் கூப்பிடாமல் வருவதில்லை. ஊரில் அவள் எந்தப் பாட்டையும் கூப்பிட்டதில்லை. செங்கம் ரோட்டில் போகும் பஸ்ஸின் டிரைவரும் பக்கத்து வீட்டு எஃப்எம்மும் மைக் செட் வேணுவும் சேர்ந்து அவள் காதில் போட்டதுதான் பாட்டு. பிடிக்காத பாட்டுகள் எப்படியோ அவளுக்குள் இடம் பிடித்துவிட்டன, நம் அனுமதி கேட்காமல் நம் வீட்டில் வந்து தங்கிவிடும் உறவினர்களைப் போல. அவர்கள் போன பிறகு வீடு என்னவோபோல் இருக்குமே, அப்படித்தான் பிரேமன் இருந்தது.

குறிப்பாக ஒரு பாட்டு. ஆடி மாதம் விடிகாலையில் வேணு போடும் முதல் அம்மன் பாட்டு. கேசட் காலத்திலேயே அதன் நாடா ஓர் இடத்தில் இழுபட்டுப் போயிருந்தது. மூன்றாவது வரி வரும்போது பாடுகிறவரின் குரல் சட்டென்று கீழே போய், எச்சிலை விழுங்கிக்கொண்டு, மறுபடி மேலே வரும். கேசட்டிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றியபோது வேணு அந்த விழுங்கலையும் சேர்த்தே மாற்றிவிட்டான். பிரேமனில் ஒரு நாள் டிராமில் போகும்போது அதே பாட்டைத் தேடிப் பிடித்தாள். சுத்தமான பதிவு. மூன்றாவது வரிக்காகக் காத்திருந்தாள். குரல் விழுங்கவில்லை. நேராகப் போய்விட்டது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தமும் போய்விட்டது.

அந்த ஒரு விழுங்கலுக்காகத்தான் வந்திருக்கிறாள். இதை யாரிடம் சொல்வது? ஞாயிறு கூழ் ஊற்றி முடித்ததும் வேணு எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

சாயங்காலம் வேப்பமரத்தடிக்குப் போனாள். வேணு ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவன்.

"வா எழிலு. இன்னா, மெதுவா பேசணுமா, இல்ல எழுதிக் காட்டணுமா?"

"போதும் வேணு. ஒரு உதவி. உனக்கு சிரமம் இல்லன்னா, முடிஞ்சா, ஒரே ஒரு குழாய மட்டும் எங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம்..."

வேணு துணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "பேங்க்ல லோன் கேக்கற மாதிரி கேக்கற. இப்டி கேட்டா எவன் நம்புவான்? மரியாதைக்கு சொல்லுதுன்னு மூணு குழாயயும் நிறுத்தியே வச்சிடுவாங்க."

"வேற எப்படிக் கேக்கறது?"

"எந்தக் காலத்துல நம்மூர்ல குழாய கேட்டு வாங்கியிருக்காங்க? சண்ட போட்டுத்தான் வாங்குவாங்க. உங்கப்பா இந்த மரத்தடியில நின்னு போட்ட சத்தத்துக்குத்தான் ஒண்ணு உங்க வீட்டப் பாத்துச்சு. மறந்துட்டியா? பின்தெருக்காரனுங்களுக்கு இப்ப மூணு குழாயும் கெடச்சிருக்குது, சும்மா, ஓசியில. மாப்பிள்ளை வூட்டுக்காரங்க மாதிரி திரியறானுங்க."

"அந்தப் பாட்டு இன்னும் இருக்கா? குரல் உள்ள போய் வருமே?"

"அதுவா? புதுசா ஒண்ணு எறக்கிப் போட்டுப் பாத்தேன். அந்த எடத்துல முழுங்கலன்னதும் நம்ம பூசாரி வேப்பிலைய கீழ வச்சிட்டு, வேணு, இதுக்கு சாமி வராதுன்னுட்டாரு."

எழிலரசிக்கு அப்படிச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. வேணு அதைப் பார்க்காததுபோல ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

கோயில் வாசலில் விழாக்குழு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. நடுவில் புகழேந்தி. எழிலரசி நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள். கடைசியாக எப்போது கத்தினோம் என்று யோசித்தாள், ஞாபகம் வரவில்லை. வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை கீச்சென்று உடைந்துவிட்டது. இரண்டாவது வார்த்தை எங்கிருந்தோ முழுதாக வந்தது.

"டேய் புகழு! நம்ம வீடு இன்னா ஊர விட்டுத் தள்ளி வச்ச வீடாடா?"

குழு முழுவதும் நிமிர்ந்தது.

"அக்கா, உனக்காகத்தாங்க்கா..."

"எனக்காகவா? நான் கேட்டனா?" குழுவின் பக்கம் திரும்பினாள். "எங்கப்பா இருந்தப்ப ஒருத்தன் இந்தக் குழாய் மேல கை வச்சிருப்பானா? அவரு இல்ல, பொண்ணு வெளிநாட்ல கெடக்குது, யாரு கேக்கப்போறான்னு பின்தெருவுக்கு தூக்கிக் குடுத்துட்டீங்க. திருவிழா வரி வாங்க மட்டும் எங்க வாசல் தெரியுதா?"

"மெதுவா பேசுக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

"மெதுவா பேசத்தான் அங்க போயிருக்கேன். இங்கயும் மெதுவா பேசணுமா?"

தெருக்கதவுகள் திறந்தன. சாக்கு, சைகை எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பெண்கள் வெளியே வந்தார்கள். ஜோதியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, தன் பழைய முழுக் குரலில் எல்லாருக்கும் அறிவித்தார், "இப்பத்தான்டி வந்திருக்கா ஆராயி பொண்ணு. நேத்து வந்தது வேற யாரோ."

பின்தெருவிலிருந்து ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜோதியம்மாளே அவரைக் கவனித்துக்கொண்டார். புகழேந்தி தலையைச் சொறிந்துகொண்டு வேணுவைப் பார்த்தான். வேணு அதற்குள் ஏணியில் பாதி ஏறியிருந்தான்.

சனிக்கிழமை விடிகாலையில் எழிலரசி தூக்கத்திலிருந்து தூக்கி எறியப்பட்டாள். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. உடுக்கைச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து அவள் நெஞ்சுக்குள் அடித்தது. எழுந்து உட்கார்ந்து காத்திருந்தாள். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் குரல் சட்டென்று கீழே இறங்கி, விழுங்கி, மேலே வந்தது. கூடவே அவளும் விழுங்கினாள். இவ்வளவு மட்டமான பாட்டு உலகத்திலேயே கிடையாது என்று தோன்றியது. ரொம்பவும் நிம்மதியாக இருந்தது.

அம்மா உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. முந்தானை ஒரு பக்கம், தலைமுடி ஒரு பக்கம். கட்டிலில் வந்து உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கலம்மா."

அம்மா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு அந்த ரகசியத்தை அவள் காதில் கத்த வேண்டியதாகிவிட்டது.

"ஒரு வாரமா நல்லா தூங்குனேன்டி!"

எழிலரசி அம்மாவையே பார்த்தாள். "அதான் நான் வர்றதுக்கு முன்னாடியே திருப்பிட்டியா?"

"உங்கப்பாவுக்கு இந்தக் குழாய்னா உசுரு. அவரு கிட்ட சொல்ல முடியுமா? அவரு போன அப்புறமும் நான் சொன்னா, ஆராயிக்கு சாமி பாட்டு ஆவலையான்னு கேப்பாங்க. உன் பேர சொன்னேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல." அம்மாவின் முகத்தில் மாட்டிக்கொண்ட வெட்கமும் சமாளித்துவிட்ட சாமர்த்தியமும் சேர்ந்து தெரிந்தன. "நாளைக்கு விடியறதுக்குள்ள கூழ் காய்ச்ச எழுந்திருக்கணும். இன்னிக்கு ஒரு ராத்திரி, நாளைக்கு ஒரு காலை. நீ வேணு கிட்ட போயி, தலை ஜாஸ்தியா வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடேன். உன் பேர்ல தானே நடக்கும்?"

அம்மா தனக்கென்று எதையும் கேட்டு எழிலரசி பார்த்ததில்லை. ஒரு வார்த்தை, ஒரு பொய். எத்தனை பேருக்கு எத்தனை சொல்கிறோம். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் ஜோதியம்மாளின் அண்டா மறுபடி சாக்கின்மேல் ஏறிவிடும். வெளியே புகழேந்தி பைக்கை வாசலிலேயே கிளப்பி, போகாமல் நின்றபடி முறுக்கிக்கொண்டிருந்தான், வேண்டுமென்றே, நேற்று திட்டு வாங்கியதற்குப் பதிலாக.

சாமி மாடத்திலிருந்து திரிக்கு வைத்திருந்த பஞ்சை எடுத்துவந்து அம்மாவின் கையில் வைத்தாள்.

"இத காதுல வச்சிக்கோம்மா. கூழுக்கு நான் எழுந்திரிச்சிக்கறேன், நீ தூங்கு. வேணு கிட்ட மட்டும் போக மாட்டேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அத்தனை சத்தத்திலும் அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.