நகரும் புள்ளி

"புள்ளி நகருதாடி?"

கோழிக் குழம்பைக் கிளறிக்கொண்டே உபகாரமேரி கேட்டாள். மெர்லின் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். பச்சை நிற வரைபடத்தில், மலைச்சரிவின் நடுவே, அண்ணன் எட்வினின் புள்ளி காலையில் நின்ற இடத்திலேயே நின்றது.

"இல்லம்மா. மலையில டவர் கெடைக்காது. அவன்தான் சொல்லிட்டுப் போனானே."

"டவர் இல்லாத எடத்துல அவனுக்கு இன்னா வேலை? சைக்கிள் மிதிக்க நம்மூர்ல ரோடு இல்லியா?"

எட்வின் சென்னையில் வேலை பார்க்கிறவன். லீவுக்கு வரும்போதெல்லாம் கியர் சைக்கிளையும் பஸ் மேல் கட்டிக் கொண்டுவந்துவிடுவான். வால்பாறை தேயிலைத் தோட்டங்களுக்குள் ஓட்டிய படங்களைக் காட்டி, "நம்ம கல்வராயன் மலையிலயும் பாதை இருக்குதும்மா, எவனுக்கும் தெரியல" என்பான். இன்று சித்தப்பா மகன் ஆல்பினைக் கூட்டிக்கொண்டு விடியலிலேயே வெள்ளிமலைக்குப் போனான். அங்கிருந்து காட்டுப் பாதையில் இறங்கி கோமுகி அணைக்கு வரவேண்டும். நெஞ்சில் ஆபரேஷன் ஆன அம்மா பயப்படக்கூடாது என்று, தான் போகுமிடமெல்லாம் தங்கையின் போனில் புள்ளியாகத் தெரிகிற மாதிரி செய்துவைத்துவிட்டுத்தான் கிளம்பினான்.

"ஒங்கப்பனாவது வூட்ல இருக்குதா பாரு. உரக்கடைக்குப் போறேன்னு போச்சு, ஆளயே காணோம்."

போன் அடித்தது. அப்பாதான். மெர்லின் பின்பக்கம் துவைக்கிற கல் வரைக்கும் நடந்துபோய் எடுத்தாள்.

ராயப்பன் உரக்கடைக்குப் போகவில்லை. ஆல்பின் டவர் கிடைக்கிற இடம் வரைக்கும் ஓடிவந்து கூப்பிட்டதும் மலைக்குப் போயிருந்தார்.

"திருப்பத்துல சைக்கிள் வழுக்கிடுச்சாம் பாப்பா. பாறைல தலை அடிச்சு... நான் போறதுக்குள்ள..." பின்னால் வண்டிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. "போயிட்டான்மா. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. அம்மாகிட்ட மூச்சு வுடாத. நான் வந்து பக்கத்துல ஒக்காந்துக்கினுதான் சொல்லணும். கோயில்ல துக்கமணி அடிக்க வேணாம்னு உபதேசியார்கிட்ட சொல்லிட்டேன். அழுவாத சாமி. அழுதா தெரிஞ்சிடும்."

மெர்லின் குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் அடித்துக்கொண்டாள்.

"யாருடி போன்ல?"

"சிம்காரன்மா. ரீசார்ஜ் பண்ணச் சொல்றான்."

"அவனுக்கு வேற பொழப்பு இல்ல. இப்பிடிக் குடு."

போனை வாங்கிய அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஏய், நகருதுடி!"

புள்ளி மலைரோட்டில் வளைந்து வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது. எங்கும் நிற்காமல், ஒரே ஓட்டமாக. அண்ணன் போனைக் கால்சட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவான் என்பது மெர்லினுக்குத் தெரியும். எந்தச் சைக்கிளும் இவ்வளவு வேகமாக இறங்காது என்பதும் தெரியும்.

"எப்பிடி வர்றான் பாரு, படுபாவி! மெதுவா வாடா!" அம்மா போனைத் திட்டினாள், சிரித்துக்கொண்டே.

கச்சிராயபாளையம் தாண்டிய புள்ளி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய் நின்றது.

"அங்க இன்னா பண்றான்?"

"பசிச்சிருக்கும்மா."

"பரோட்டா கடையில பூந்துட்டானா? இங்க கோழி வெந்துக்கினு கெடக்குது. வரட்டும், முதுகுல ரெண்டு வெக்கறேன்."

மெர்லின் வாசல் கேட்டைச் சாத்தினாள். டிவி சத்தத்தைக் கூட்டினாள். தெருவில் நாலு பேர் சேர்ந்து நிற்பது தெரிந்ததும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சரத்குமார் மதில் அருகே கலங்கிப்போய் நின்றான். அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஒங்கம்மாவ அழ வேணாம்னு சொல்லு. அப்பா வர்ற வரைக்கும்."

அவன் அம்மா சின்னப்பொண்ணு அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்கதவு வழியாக வந்தாள். முந்தானையால் பிடித்திருந்த குண்டானை அடுப்படித் தரையில் வைத்தாள். சோறு. பக்கத்தில் ஒரு தூக்கில் ரசம்.

"வச்சிட்டுப் போறேன்க்கா" என்றாள், சுவரைப் பார்த்து.

போனுக்கும் மணிக்கும் தெருவுக்கும் பயந்த மெர்லின் இதை நினைக்கவே இல்லை.

உபகாரமேரி குண்டானைப் பார்த்தாள். போன வருஷம் சின்னப்பொண்ணுவின் புருஷன் பூமாலை செத்த அன்று, சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று முதல் சோறு ஆக்கிக்கொண்டு போனது அவள்தான். இதே மாதிரி, சோறும் ரசமும்.

"எங்க வூட்லதான் அடுப்பு எரியுதே, சின்னப்பொண்ணு."

டிவியில் யாரோ சிரித்தார்கள்.

உபகாரமேரி போனை மகளிடம் நீட்டினாள். புள்ளியைப் பார்க்கவில்லை. அடுப்புக்குப் போய் கேஸைத் திருகி நிறுத்தினாள். குழம்பு உடனே அடங்கவில்லை. நடுவில் ஒரு கொப்புளம், ஓரத்தில் ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. கடைசிக் கொப்புளமும் உடைகிற வரைக்கும் அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.