சுகாதாரத் துறையின் நாற்காலி

தேனாம்பேட்டையில் மூன்று நாள் பயிற்சி. கொள்கையை மாற்றச் சொல்லி அதிகாரிகளிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுத் தருகிறார்களாம். நான் தி.நகரில் நாள் முழுக்க நின்றபடி புடவை விற்கிறவள். என் கோரிக்கை, கடைத்தெருவில் ஒரு பொதுக் கழிப்பறை.

பயிற்சியாளர் ஸ்நேஹா எங்கள் கழுத்தில் ஆளுக்கொரு துறையின் அட்டையை மாட்டினார். நடித்துப் பழகத்தான்: ஒருவர் மாற்றி ஒருவர் மனுவோடு போக, மற்றவர்கள் எல்லாரும் அதிகாரிகள். முதல் முறை என்னுடையது.

சாலைத் துறை, ஆட்டோ ஓட்டும் கபாலி. "இது நம்ம வேலையா இன்னா? தண்ணி ஆபீஸுக்குப் போம்மா."

குடிநீர்த் துறை, பாட்டு டீச்சர் ஜானு. "மொதல்ல நிலத் துறையில கேட்டுண்டு வாங்கோ."

நிலத் துறை, செருப்புக்கடை காதர் பாய். நிமிரக்கூட இல்லை. "சுகாதாரத்துல கேளு, குல்ஷன்."

காலையில் டீ குடிக்கும்போது என்னோடு சேர்ந்து அதிகாரிகளைத் திட்டியவர்கள்தானே இவர்கள்?

"சுகாதாரம் யாருய்யா?" என்று கத்தினேன்.

எல்லாரும் என் கழுத்தையே பார்த்தார்கள். குனிந்து பார்த்தேன். அட்டை என்னிடம்தான் தொங்கியது.

வேறு வழி தெரியாமல் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் மனுவை நானே புரட்டினேன்.

"ஒரு ஜெராக்ஸ் குறையுதே" என்றது என் வாய்.