பெனினாவின் முறை

அம்மாவுக்குக் கொக்கோக் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்கி ஐந்து நாளாகிவிட்டது. மருத்துவமனையிலும் பார்த்தாயிற்று. அதற்குமேல் சமோவாவின் சவாயித் தீவில் ஒரு குடும்பம் செய்யக்கூடியது ஒன்றுதான். வீட்டார் எல்லோரும் நோயாளியைச் சுற்றி உட்கார்ந்து, மனதில் பூட்டி வைத்திருக்கும் கோபத்தையும் குற்றத்தையும் ஒவ்வொருவராகக் கொட்டிவிட வேண்டும். ஒருத்தர் மறைத்தாலும் நோய் நகராது. இது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

நேற்று உட்கார்ந்ததில் பலனில்லை. இன்று மாலை ஜெபவேளையில் போதகரும் வந்து அமர்ந்தார். அண்ணன் மோஸே தொண்டையைச் செருமினான்.

"உன் பன்னி செத்துப்போச்சுன்னு சொன்னேனில்லம்மா, அது சாகல. நான்தான் வித்துட்டேன்."

"தெரியும்டா," என்றாள் அம்மா கண் திறக்காமலே. "செத்ததுன்னா கறி எங்கேடான்னு அன்னிக்கே நினைச்சேன்."

அண்ணி தைமானே, மாமியார் பாட்டுப் பாடினால் ஆடு கத்துவதுபோல இருக்கிறதென்று கோயிலில் நாலு பேரிடம் சொன்னதாக அழுதாள். அம்மாவின் உதட்டோரம் லேசாக நெளிந்தது.

அடுத்து மகள் பெனினா. இரண்டு வருஷமாக அம்மாவைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்பவள். நேற்று இதே இடத்தில் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டாள். ராத்திரியே அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இன்று எல்லோர் கண்ணும் அவள்மேல்தான்.

அவளிடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வாள்? முப்பது வருஷம் சபையின் மாதர் சங்கத்தை நடத்தியவள் அம்மா. கேட்ட மாத்திரத்தில் இருக்கிற மூச்சும் நின்றுவிட்டால்? சொல்லாமல் விட்டு அம்மா போய்விட்டாலோ, பழி முழுக்க இவள் தலையில்தான்.

"சொல்லிடு பெனினா," என்றான் மோஸே. "அம்மாவைக் கொன்னுடாத."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது.

"எனக்கு அம்மா மேல கோபமில்ல. உங்க யார் மேலயும் இல்ல. ஆண்டவர் மேலதான்." பெனினா நிமிர்ந்தாள். "ஊரெல்லாம் அம்மை போட்ட வருஷம் என் மக சேராவுக்காக இந்த ஊரே முழங்கால் போட்டுச்சு, அப்படியும் போயிட்டா. மூணு வயசுப் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? அன்னிலேருந்து நான் ஜெபிக்கவே இல்ல. வாயைத்தான் அசைக்கிறேன்."

தைமானே வாயைப் பொத்திக்கொண்டாள். மோஸே பாயையே பார்த்தான். மனிதர்மேல் கோபமென்றால் கையைப் பிடித்துச் சமாதானம் செய்துவைக்கலாம். இதற்கு யார் கையைப் பிடிப்பது? போதகர் வேர்த்துப்போய், அவசரமாக ஜெபத்தை முடிக்கத் தலையைக் குனிந்தார்.

அம்மா கண்ணைத் திறந்தாள். பெனினாவின் மணிக்கட்டை எலும்பு வலிக்கப் பிடித்தாள்.

"எனக்கும்தாண்டி," என்றாள்.

பெனினாவுக்கு முதலில் புரியவில்லை. சேராவின் அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் 'எல்லாம் அவர் சித்தம்' என்று ஊருக்கே ஆறுதல் சொன்ன அம்மா இவள்தானா? அந்த அம்மாவின் கன்னத்தில் இப்போது நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. பெனினா அவள் மார்பில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள்.

போதகர் மெல்ல, "ஆ..." என்று தொடங்கினார்.

"பொறுங்க போதகரே," என்றாள் அம்மா. "ஆமென் சொல்லாதீங்க. நாங்க அவர்கிட்ட இன்னும் பேசி முடிக்கல."

பக்கத்து வீடுகளில் பாட்டு முடிந்து, சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் கேட்டது. சுவரில்லாத அந்த வீட்டில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.