அரும்பார்த்தபுரத்து மலை

புதுச்சேரியில் எல்லாம் கிடைக்கும். பிரெஞ்சு ரொட்டி கிடைக்கும், பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் கிடைப்பார்கள், பிரெஞ்சுப் பெயர் வைத்த தெருவில் முழங்கால் அளவு மழைத் தண்ணீரும் கிடைக்கும். மலை மட்டும் கிடைக்காது. இத்தனை பெரிய குறை ஊரில் ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது, பாருங்கள். நெல்லித்தோப்பு இராமதாசுக்குத்தான் அது முதலில் பட்டது.

இராமதாஸ் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போக வர சைக்கிள்தான். அவருடைய ஒரே மகள் கார்குழலி தெற்கு பிரான்சுக்குப் படிக்கப் போன இடத்தில் நிக்கோலா என்ற பையனோடு வாழ்க்கையை முடிவு செய்துகொண்டாள். பையனுக்கு அம்மா இல்லை. அப்பா ழெரார் மட்டும் ஒரு மலையடிவாரக் கிராமத்தில் இருந்தார். காலையில் எழுந்தால் சைக்கிள், சாப்பிட்டால் சைக்கிள் என்று வாழ்கிற மனிதர். எங்கள் அப்பாவும் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்தான் என்று கார்குழலி அவரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். சோப்புக் கம்பெனிக்கு என்று சேர்த்துச் சொல்ல விட்டுப்போயிற்று.

கல்யாணம் எங்கே என்பதில்தான் சிக்கல். ழெரார் தன் ஊரை விட்டு அசைகிற ஆள் இல்லை. அங்கேயே பதிவு, அங்கேயே விருந்து, முடிந்தது என்று சொல்லிவிட்டார். இராமதாசுக்கு ஒரு அக்கா உண்டு, அமிர்தவல்லி. தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்து, மில்லுக்கு வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தவள். இப்போது முட்டி தேய்ந்து, வாசற்படி இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அவளை விமானத்தில் ஏற்றுவது நடக்கிற கதையா? சங்கதி தெரிந்ததும் அவள் சண்டை போடவில்லை, அழவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்கடா. போன்ல காட்டுங்க. நான் போன் மேலயே அட்சதை போட்டுக்கறேன்" என்றாள்.

அடித்திருந்தால்கூட இராமதாஸ் தாங்கியிருப்பார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நெல்லித்தோப்பில் நடக்க வேண்டும், அக்கா நேரில் நின்று அட்சதை போட வேண்டும். அதற்கு ழெரார் சம்மதிக்க வேண்டும்.

கார்குழலிதான் வழி சொன்னாள். மாமனார் முக்கியமான எதையும் வீட்டில் உட்கார்ந்து பேச மாட்டாராம். வீட்டை விற்றது, வேலையை விட்டது எல்லாம் சைக்கிளில்தான் முடிவானதாம். "நீங்க வந்து அவரோட மலை மேல கணவாய் வரைக்கும் ஓட்டுங்கப்பா. மேல போய் உக்காந்ததும் கேளுங்க. இல்லன்னு சொல்ல மாட்டாரு."

பெண்ணைக் கொடுக்கிறவன் சம்பந்தி வீட்டில் நடுக்கூடத்தில் உட்கார்ந்து தாம்பாளத்தோடு பேசுவது வழக்கம். மலை மேல் மூச்சு வாங்கப் பேசுவதும் ஒரு வழக்கம் போலிருக்கிறது என்று இராமதாஸ் ஒப்புக்கொண்டார்.

பயிற்சி கொடுக்க அவர் மனைவி வசந்தாவின் தம்பி ராஜவேல் முன்வந்தான். மோட்டார் பைக்கைவிட விலை உயர்ந்த சைக்கிள் வைத்திருக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பி, எங்காவது பொங்கல் வடை சாப்பிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவான். மற்ற நாட்களில் தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்க ஸ்கூட்டரை எடுப்பான். இதைவிடத் தகுதியான குரு வேண்டுமா?

"மலைன்னா என்ன மாமா? ஏத்தம். ஏத்தம் நம்ம ஊர்லயும் இருக்கு" என்று அவன் இராமதாசை அழைத்துப் போய் நிறுத்திய இடம் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம்.

அதில் தினமும் விடியற்காலையில் ஏறி இறங்கினார். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? என்ன தொலைந்தது என்று கேட்டு இரண்டு பேர் கூடவே தேடினார்கள். ஒரு பால்காரர் வீட்டில் கொண்டுபோய் விடவா என்று வண்டியை நிறுத்தினார். மூன்றாம் வீட்டு நிர்மலா வசந்தாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன் பாலத்து மேல நின்னு தண்டவாளத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. கொஞ்சம் கவனிச்சுக்கக்கா" என்றாள். மூச்சு வாங்க நின்ற மனிதருக்கு இந்தப் பெயர்.

உடலோடு ஒட்டுகிற கறுப்புக் கால்சட்டை ஒன்றையும் ராஜவேல் வாங்கி வந்தான். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்தது. வசந்தா அதை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தாள்.

"இதப் போட்டுக்கிட்டா சம்பந்தி முன்னால போய் பொண்ணு கல்யாணத்தப் பத்திப் பேசப் போறீங்க?"

அது பீரோவுக்குள் போயிற்று. பழைய பேண்ட்டும், கணுக்காலில் ஒரு ரப்பர் பேண்டும், தோல் செருப்புமாக இராமதாஸ் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். வசந்தாவும் கூடப் போனாள்.

அங்கே மலைச் சாலை எப்படி இருந்தது என்று கேளுங்கள், தங்கங்களே. கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி இருந்தது. குழி இல்லை, மாடு இல்லை, பேனர் இல்லை, தப்பு வழியில் எதிரே வருகிறவன் இல்லை. இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள், புதரெல்லாம் மஞ்சள் பூ, எங்கோ ஆட்டு மணிச் சத்தம். கல் வீடுகளில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஒரு டீக்கடை கிடையாது. யார் நீ, எங்கே போகிறாய் என்று கேட்க ஓர் ஆள் கிடையாது. இவ்வளவு நல்ல சாலையைப் போட்டுவிட்டு அதில் யாருமே போகாமல் இருக்கிறார்களே என்று இராமதாசுக்கு மனசு பொறுக்கவில்லை.

ழெரார் முன்னால் போனார். நெட்டையான, ஒல்லியான மனிதர். அவருடைய காலணியை அப்படியே பெடலில் பூட்டிக்கொள்ளலாம். காலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கழலும். இராமதாசுக்கு நிறைய கியர் வைத்த சைக்கிள் ஒன்றைக் கொடுத்திருந்தார். இருப்பதிலேயே லேசான கியரைப் போட்டால் மாவாட்டுகிற மாதிரி கால் சுற்றும். வண்டி மெல்ல மெல்ல ஏறும். மேம்பாலம் இதைவிடக் கஷ்டம். கார்குழலியும் வசந்தாவும் நிக்கோலாவும் வெகு தூரம் பின்னால் காரில் வந்தார்கள்.

பாதி மலையில் ழெரார் திரும்பிப் பார்த்தார். விருந்தாளி பின்தங்குகிறார், பாவம், வயதான மனிதர் என்று தன் வேகத்தைக் குறைத்தார். அவர் குறைத்ததைப் பார்த்ததும் இராமதாஸ் பதறிப்போனார். மாப்பிள்ளையின் அப்பாவை முந்திக்கொண்டு பெண்ணைப் பெற்றவன் போவதா? ஊர் என்ன சொல்லும்? ஊர் அங்கே இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவரும் குறைத்தார். ழெரார் மறுபடி திரும்பிப் பார்த்தார். ஐயோ, இன்னும் தளர்ந்துவிட்டார் என்று இன்னும் குறைத்தார். இராமதாசும் குறைத்தார். இப்படி மரியாதையில் ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு, இரண்டு பெரியவர்களும் ஒரு நத்தைக்கு வழிவிட வேண்டிய நிலைமைக்கு வந்தார்கள்.

மஞ்சள் நிறத் தபால் வண்டி ஒன்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஹாரன் அடிக்கவில்லை, முந்தவும் இல்லை. பொறுமையாக ஊர்ந்தது. இராமதாசுக்கு முதுகு கூசியது. சத்தமில்லாமல் பின்னாலேயே வருகிறவன் நம் ஊரில் சங்கிலி அறுக்கிறவனாகத்தான் இருப்பான்.

ஒரு வளைவில் ழெராரின் சைக்கிள் அடியோடு நின்றுவிட்டது. கால் பெடலில் பூட்டியிருந்தது. மரம் சாய்கிற மாதிரி அவர் அப்படியே பக்கவாட்டில் மஞ்சள் பூவுக்குள் சாய்ந்தார். தபால்காரர் எட்டிப் பார்த்தார். அடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் கும்பிடாத குறையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

கார் வந்து சேர்ந்தபோது புல் மேல் இருவர் இருந்தார்கள். வசந்தா ஓடி வந்தாள். "என்னங்க, விழுந்துட்டீங்களா?"

"நான் விழல. அவருதான் விழுந்தாரு. அவரு கீழ கெடக்கும்போது நான் நிக்கக் கூடாதுன்னு உக்காந்தேன்."

ழெரார் முழங்கையைத் தடவிக்கொண்டே ஏதோ கேட்டார். நீங்கள் ஏன் முன்னால் போகவே இல்லை என்று கேட்பதாகக் கார்குழலி சொன்னாள். பொண்ணு வீட்டுக்காரன் முந்திக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும் என்று இராமதாஸ் சொன்னதை அவள் காது சிவக்க மொழிபெயர்த்தாள். ழெரார் சிரிக்கவில்லை. இதுவரை தன்னோடு ஓட்டிய எல்லோருமே தன்னை முந்தித்தான் போயிருக்கிறார்கள், பெற்ற பிள்ளைதான் அதில் முதல் ஆள் என்றார். நிக்கோலா மரத்தைப் பார்த்தான்.

கணவாய் இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. சம்பந்தியின் முழங்கையைப் பார்த்தால் இன்றைக்கு அங்கே போகப் போவதில்லை. இராமதாசுக்கு வாய் முந்திக்கொண்டது.

"எங்கக்கா ப்ளேன் ஏற மாட்டா. அவதான் எனக்கு அம்மா. அவ கையால அட்சதை விழலன்னா எனக்கு அது கல்யாணமே இல்ல. அவருகிட்ட சொல்லும்மா."

கார்குழலி சொன்னாள். ழெரார் கொஞ்சம் புல்லைப் பிய்த்துப் போட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊரில் மலை இருக்கிறதா?

"இருக்கு" என்றார் இராமதாஸ்.

கார்குழலி அப்பாவைப் பார்த்தாள். வசந்தா வானத்தைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பு அட்சரம் பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

கல்யாணம் தை மாதம் நெல்லித்தோப்பில் நடந்தது. ழெரார் பட்டு வேட்டியை பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு முன்னால் நடக்க, தெருவே அவர் பின்னால் நடந்தது. அந்த மரியாதையில் மனிதர் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அமிர்தவல்லி நாற்காலியில் உட்கார மறுத்து, இரண்டு பேர் பிடிக்க நின்று, அட்சதையைப் போட்டாள். அரிசி பாதி மணமக்கள் மேல், பாதி ஐயர் மேல். "போன்ல போட்டிருந்தா குறி தப்பியிருக்காது" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள். அந்தத் தம்பி அப்போது எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ழெரார் மலையைக் கேட்டார்.

ராஜவேலின் சைக்கிளில் அவரும், தன் பழைய சைக்கிளில் இராமதாசும் கிளம்பினார்கள். மேம்பாலத்தின் அடியில் வந்து நின்றதும் ழெரார் அதைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார். இடமிருந்து வலம் பார்த்தார். இதுவா என்று கையைக் காட்டினார். இதேதான் என்று இராமதாஸ் தலையாட்டினார். ழெரார் வாய்விட்டுச் சிரித்து, பெடலை மிதித்தார். இராமதாஸ் அடக்கமாகப் பின்னால் போனார். ழெரார் வேகத்தைக் குறைத்தார். இராமதாசும் குறைத்தார். பாதி ஏற்றத்தில் ழெரார் திரும்பி, பக்கத்தில் வரும்படி கையசைத்தார். கல்யாணம் முடிந்தாயிற்று, இனி முந்தினால்தானே தப்பு, பக்கத்தில் போகலாம் என்று இராமதாஸ் மனசுக்குள் ஒரு சட்டத்தைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனார். இருவரும் சேர்ந்து சாலையை அழகாக அடைத்தார்கள்.

பின்னால் விழுப்புரம் பஸ் வந்தது. ஹாரனில் பாலமே அதிர்ந்தது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"யோவ் பெருசு, ரெண்டு பேரும் வீட்ல சொல்லிட்டு வந்துட்டீங்களா?"

என்ன சொல்கிறார் என்று ழெரார் கையால் கேட்டார். தனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் இராமதாஸ் சொன்னார். நாம் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தோமா என்று கேட்கிறார்.

ழெரார் நெகிழ்ந்துபோனார். எங்கள் மலையில் இப்படி ஒருவர்கூடக் கேட்டதில்லை என்று சொல்லி, கையை நெஞ்சில் வைத்து ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்.