பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நான்கு விநாடி

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்தில் தொடங்கியது. எழுதியவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் இருக்காது.

என் நாவல் ஒன்று ஒலிநூலாக இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. அதற்குக் குரல் கொடுத்துப் படித்தவர் கோட்டைமேட்டைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை பக்ருன்னிசா. வீட்டு அறையில் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார். எழுத்தைவிடக் குரல் நன்றாயிருக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது.

2

சிறுவாணியின் நீர் அந்த நகரத்தின் நரம்புகளில்... [வேண்டாம். அலங்காரம் செய்து தப்பிக்கப் பார்க்கிறேன்.]

பக்ருன்னிசாவின் தெருவில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். வந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பாவிட்டால் தொலைந்தோம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில், என் கதாநாயகி சாகும் வாக்கியத்தின் நடுவே, பக்ருன்னிசா படிப்பதை நிறுத்திக் கணவரைக் கூப்பிடுகிறார்:

"ஏனுங்க, தண்ணி வந்துருச்சு! மோட்டாரைப் போடுங்க!"

அதை வெட்ட மறந்து அனுப்பிவிட்டார். கடையிலும் யாரும் கவனிக்கவில்லை.*

* நான் கவனித்தேன்.

3

'நாவலின் உச்சத்தையே நாசமாக்கும் பிழை' என்று கடைக்கு எழுதினேன். சுறுசுறுப்பானவர்கள். நூல் முழுவதையும் இயந்திரக் குரலுக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களின் போன்களிலும் பழையது போய்ப் புதியது வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்போது பக்ருன்னிசா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. [இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை எழுதிவிட்டேன்.]

4

கணவர் சஹீர் என்னைத் தேடி வந்தார். உக்கடத்தில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டுபவர்.

"காசு குடுத்து வாங்கினதுங்க சார். தெனமும் அந்த ஒரு எடத்தை மட்டுந்தானுங்க கேப்பேன். அவ என்னைக் கூப்பிடறது வேற எதுலயும் இல்லீங்க."

"அவங்க பதிவு செஞ்ச லேப்டாப்?"

"அது பள்ளிக்கூடத்துதுங்க. திருப்பிக் குடுத்துப்போட்டோம்."

"போன்ல தனியா எடுத்து வெக்கலீங்களா?"

"வாங்கின பொருளை நாமளே எதுக்குங்க திருடி வெக்கோணும்?"

கடைக்கு மறுபடி எழுதினேன். அவர் வாங்கியது நூல் அல்ல, கேட்கும் அனுமதி. அது பத்திரமாக இருக்கிறது என்று பதில் வந்தது. பழைய பதிவு என்ன ஆனது என்று கேட்டேன். அப்படி ஒன்று எங்களிடம் இருந்ததாகவே தெரியவில்லை என்றார்கள்.

5

முடிவு ஒன்று: யாரோ ஒரு வாசகரிடம் பழைய பதிவு கிடைக்கிறது. [பொய். தேடிப் பார்த்தேன்.]

முடிவு இரண்டு: சஹீர் என்னை மன்னிக்கிறார். [நான் எழுதினால் மன்னித்துவிடுவார். அதனால்தான் எழுதவில்லை.]

நடந்ததைச் சொல்கிறேன். அவர் போனில் புதிய குரலில் அந்த இடத்தைப் போட்டோம். வாக்கியத்தின் நடுவே குரல் நின்றது. என் பிரதியில் அங்கே ஒரு காற்புள்ளிகூடக் கிடையாது. நான்கு விநாடி. பக்ருன்னிசா கூப்பிட எடுத்துக்கொண்ட அதே நேரம்.

சஹீர் சட்டென்று எழுந்தார். "வாரேன், வாரேன்" என்றார். குரல் வாக்கியத்தைத் தொடர்ந்தது.

மறுபடி போட்டோம். இந்த முறை அவர் வாயைத் திறக்கவில்லை. குரல் நின்றது நின்றதுதான். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு. "வாரேன்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"உங்களையில்லீங்க சார்" என்றார் சஹீர். பிறகு அவரே "வாரேன்" என்றார். குரல் தொடர்ந்தது.

6

இந்தக் கதையும் அதே கடைக்குத்தான் போகிறது. எனக்கு வேறு கடை இல்லை. நேற்று சரிபார்க்க வந்த பிரதியில், இரண்டாம் பகுதியில் பக்ருன்னிசா கூப்பிடும் வரி இல்லை. அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. திரும்பச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் பிரதியில் இருக்கிறதா? திரும்பிப் போய்ப் பாருங்கள். இருந்தால் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள், சஹீருக்காக.

இல்லாவிட்டால் அந்த இடத்தில் சும்மா இருங்கள். எவ்வளவு நேரமானாலும் பதில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பக்ருன்னிசா கூப்பிடுவது உங்களையல்ல.