வீட்டுக்காரர் போட்ட பிளக்

வீட்டுக்காரர் என்றால் இரண்டு பொருள். ஒன்று புருஷன், இன்னொன்று வீட்டை வாடகைக்கு விடுகிறவர். அவளுக்கு வாய்த்தவர் முதல் வேலையை எப்போதோ ராஜினாமா செய்துவிட்டு இரண்டாவதில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டார்.

கீழ்வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மகளும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு குடிவர வேண்டும், நினைத்தபோதெல்லாம் மாடியிலிருந்து இறங்கிப் போய்ப் பேரனைத் தூக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மாப்பிள்ளையும் அரைமனதாக, "முதல்ல வந்து பாக்கறோம் அத்தை" என்று சொல்லியிருந்தார்.

கையில் சாக்பீஸோடு சுவரோரம் நின்ற எலக்ட்ரீசியன் எல்லா வீட்டிலும் கேட்பதைக் கேட்டார். "பிளக் பாயிண்ட் போடறது சொந்தத்துக்கா, வாடகைக்கா?"

"சொந்தத்துக்குத்தான்" என்றாள் அவள்.

"வாடகைக்கு" என்றார் வீட்டுக்காரர். "மகளே வந்தாலும் வாடகை குடுத்துத்தானே இருக்கப்போறா."

படுக்கையறைச் சுவர் முழுக்க விழவேண்டிய சாக்பீஸ் வட்டங்கள் ஒரே ஒன்றாகச் சுருங்கின. அந்த ஒன்றும் பீரோ வைக்கும் இடத்துக்குப் பின்னால்.

"சமையலறைக்காவது தனி லைன் இழுத்துடலாம் சார். ஏசியும் கெட்டிலும் சேர்ந்து ஓடுனா டிரிப் ஆகிடும்."

"ஆகட்டுமே. அப்பத்தான் கரண்டோட அருமை தெரியும்."

"என்னங்க, யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கறீங்களே" என்றாள் அவள். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷர், ஒயரை மட்டும் தாராளமாக விடுவாரா? எலக்ட்ரீசியனுக்கென்ன, சொன்னதைச் செய்துவிட்டுப் போனார்.

பெயிண்ட் வாசம் போவதற்குள் மகள் குடும்பம் வந்து இறங்கியது. இரண்டு நாள் தங்கிப் பார்க்கிறோம் என்று தொட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வெயில் கொளுத்திய மத்தியானம். ஏசியின் குளிரில் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. பால்புட்டியைக் கழுவ வெந்நீர் வேண்டுமென்று மகள் கெட்டிலைப் போட்டாள். டப்பென்று எல்லாம் நின்றது. கொஞ்ச நேரத்தில் குழந்தை வியர்த்து விழித்து வீலென்று கத்தியது.

வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். வருகிற குடித்தனக்காரருக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு, எதிரே நிற்பது யாரென்று பாராமல் வெளியே வந்தது.

"ஒண்ணு ஏசி போடணும், இல்ல கெட்டில் போடணும். குடியிருக்கறவங்கதான் அனுசரிச்சுப் போகணும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "பண்ணிட்டோம் மாமா" என்றார், ரொம்ப மரியாதையாக. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தொட்டில் கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

கழற்றிய தொட்டிலை அம்மாவே வண்டியில் ஏற்றிவிட்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

"பாத்தியா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல" என்றார் பின்னால் வந்து நின்ற வீட்டுக்காரர். "குடித்தனக்காரங்கன்னா இப்படி இருக்கணும். சாமானெல்லாம் என்னிக்குக் கொண்டு வராங்களாம்?"