பதினொரு மணி மேகம்

1

“அது மேகம் இல்லம்மா, கேன்டீன் ஆவி. நாளைக்குப் பாடம் எடுக்கும்போது நான்—”

“எடுங்க டீச்சர். அத மட்டும் எம்பிள்ளைட்ட சொல்லாண்டாம்—”

“சொல்லாம? நேத்து பையை மாட்டிகினு கேட்டைத் தாண்டிட்டா உன் பொண்ணு. லாரி ரோடு அது.”

இந்தச் சண்டையைச் சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவில் யாரோ சொல்லக் கேட்டேன். முடிவைச் சொல்லாமலே ஒரகடத்தில் இறங்கிவிட்டார்கள். எனக்குக் கதை குரலாகத்தான் வரும். முகங்களை நான்தான் தேடி வைக்க வேண்டும்.

2

வைக்கிறேன். டீச்சர் பிரவீனா, தொழிற்சாலைக்கு எதிரே மழலையர் பள்ளி. பிஸ்கட் நேரம் முடிந்ததும் ஒரு பிள்ளை வானத்தைப் பார்த்து வெயில், மேகம், மழை என்று ஓர் அட்டையை மாட்ட வேண்டும். நாலு வயது அறிவுமதி சுள்ளென்ற வெயிலிலும் மேகத்தையே மாட்டுவாள். அந்தத் தொழிற்சாலைக் கேன்டீனில் சோறு வடித்தவள் அவள் அம்மா முத்துச்செல்வி, திருநெல்வேலிக்காரி. பள்ளியில் விட்ட முதல் நாள், அழுத பிள்ளையிடம் சொன்னாள்: “அந்த மேகத்த அம்மாதான் விடுதேன். அது தெரிஞ்சா நான் அங்கன இருக்கேன்.”

பொய்யும் இல்லையே. போன வாரம் கேன்டீன் வேறு கான்ட்ராக்டருக்குப் போனது. முத்துச்செல்விக்கு இப்போது வாலாஜாபாத்தில் வேலை; பிள்ளையிடம் சொல்லவில்லை. ஆவி மட்டும் வழக்கம்போல எழுகிறது. நேற்று பிள்ளை அதைத் தேடிப் போய்விட்டது. இன்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினாள்.

3

(பிரவீனாவைக் கறாரானவளாக எழுதிப் பார்த்தேன். “பிள்ளைகளுக்கு உண்மையை எந்த வயதில்…” அடித்துவிட்டேன்.)

அவளும் அதே கம்பெனியின் உற்பத்தி லைனில் ஆறு வருஷம் நின்று வேலை பார்த்தவள். ஆவி எழுந்தால் இன்னும் அரை மணியில் சாப்பாடு. நாலு பேர் உட்காரும் பெஞ்சில் ஏழு பெண்கள். ஒருத்தி தட்டில் இன்னொருத்தி கை. கல்யாணமாகி ஆளுக்கொரு திசையில் போனார்கள். இன்றும் அந்த வெள்ளையைக் கண்டால் அவளுக்குப் பசிக்கும். அதனால்தான் இத்தனை நாள் அந்த அட்டையைத் திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை ரோட்டுக்குப் போனதில் தன் பங்கும் உண்டென்று தெரிந்துதான் குரலை உயர்த்துகிறாள்.

4

முடிவுகள். டீச்சர் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கிறாள், பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது: பாடப்புத்தகம். முத்துச்செல்விக்குப் பழைய வேலை கிடைக்கிறது: எனக்கு ஆசைதான், கொடுப்பவர் யார்?

“காலையில என் காலக் கட்டிக்கிட்டு அழுதா நான் எப்படி டீச்சர் வேலைக்குப் போவேன்?” என்கிறாள் முத்துச்செல்வி. மணி பதினொன்று. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக எழும்புகிறது. அட்டையோடு நிற்கும் அறிவுமதி அதைப் பார்க்கிறாள். திரும்பி, வாசலில் நிற்கும் அம்மாவைப் பார்க்கிறாள். இதன் முடிவை இனி நீங்கள்தான்—

“அம்மா, நீ இங்கதான நிக்க. அப்பம் அத யாரு விடுதா?”